இரண்டு கண்ணும் திறந்து வானத்தைக் குறிபார்க்க: ரெட் டாட்டா, டெல்ராடா, ஆப்டிகல் ஃபைண்டரா?

புதிதாக டெலஸ்கோப் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் போன் போட்டுச் சொல்வது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். "சனி கோள் வளையத்தோட தெரியும்னு சொன்னாங்க. ரெண்டு மணி நேரமா திருப்பிப் பாக்கறேன், ஒரே இருட்டு." டெலஸ்கோப்பில் பழுது எதுவும் இருக்காது. சனியின் பக்கம் அதைத் திருப்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இது ஏன் இவ்வளவு சிரமம் என்று புரியும். இங்கே பலரும் வாங்குகிற 8 அங்குல டாப்சோனியனின் குவியத் தூரம் 1200 மி.மீ. கூட வரும் 25 மி.மீ. ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸைப் போட்டால் 48 மடங்கு பெரிதாகத் தெரியும், ஆனால் ஐபீஸ் வழியாகத் தெரிகிற வானத்தின் அகலம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல். முழுநிலாவின் அகலம் அரை டிகிரி. ஆக, தலைக்கு மேலிருக்கும் மொத்த வானத்தில் இரண்டு நிலா அகலமுள்ள ஒரு ஓட்டை வழியாகத் தேடுகிறோம். அந்த ஓட்டையைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் குழாய் மேல் பொருத்தும் ஃபைண்டரின் வேலை. ஐபீஸுக்கும், பெரிதாக்கத்தைக் கூட்டும் பார்லோ லென்ஸுக்கும் யோசித்து யோசித்துப் பணம் செலவழிப்பவர்கள் ஃபைண்டரை மட்டும் பெட்டியில் வந்ததே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பாதிப் பேர் வான்நோக்கலையே விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சந்தையில் இருப்பவற்றை இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். எதையும் பெரிதாக்காமல், கண்ணுக்குத் தெரியும் வானத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளியையோ வளையங்களையோ வைத்துக் காட்டுபவை ஒரு குடும்பம்: ரெட் டாட் ஃபைண்டர், டெல்ராட், ரைஜல் குவிக்ஃபைண்டர் இந்த வகை. தானே ஒரு குட்டி டெலஸ்கோப்பாக இருந்து 6 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டுபவை இன்னொன்று: 6×30, 8×50, 9×50 என்று பெயர் வைத்திருக்கும் ஆப்டிகல் ஃபைண்டர்கள் (முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது லென்ஸின் அகலம் மி.மீ.யில்). பச்சை லேசரைக் குழாயில் கட்டிக்கொள்பவர்களும் உண்டு. அதை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவே இல்லை. விமானி கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். சென்னை விமான நிலையப் பக்கம் தரையிறங்கும் விமானங்கள் மீது லேசர் அடித்த செய்திகளை எல்லோரும் படித்திருக்கிறோம். குழந்தைகள் கூடும் இடத்தில் அது இன்னும் ஆபத்து.

அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது?

ரெட் டாட் ஃபைண்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் ஒரு சின்ன எல்.இ.டி., முன்பக்கம் லேசாக வளைந்த ஒரு கண்ணாடி. எல்.இ.டி.யின் ஒளி கண்ணாடியில் பட்டு நம் பக்கம் திரும்புகிறது. கண்ணாடியின் குவியத்தில் எல்.இ.டி. உட்கார்ந்திருப்பதால் திரும்பும் கதிர்கள் இணையாக வருகின்றன. இணையான கதிர்கள் வெகுதூரத்திலிருந்துதான் வரும் என்று கண் எடுத்துக்கொள்கிறது. அதனால் புள்ளி கண்ணாடி மேல் இருப்பதுபோலத் தெரியாது, நட்சத்திரங்களின் தூரத்திலேயே தொங்குவதுபோலத் தெரியும்.

இந்த யோசனைக்கு வயது நூற்றிருபதுக்கு மேல். 1900-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் க்ரப். அவர் துப்பாக்கிக்காரர் இல்லை, தலைமுறையாக டெலஸ்கோப் செய்யும் குடும்பம். அவருடைய தொழிற்சாலையின் வாரிசான க்ரப் பார்சன்ஸ் நிறுவனம் செய்த சூரியத் தொலைநோக்கி இன்றும் கோடைக்கானல் ஆய்வகத்தில் இருக்கிறது. க்ரப்பின் யோசனை முதலில் போர் விமானங்களுக்குப் போனது. 1975-ல் சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் மின்னணு ரெட் டாட்டைத் துப்பாக்கிகளுக்குக் கொண்டுவந்தது. டெலஸ்கோப்காரர் ஒருவர் கண்டுபிடித்தது ஊரெல்லாம் சுற்றிவிட்டு டெலஸ்கோப் குழாய் மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

டெல்ராடும் இதே தத்துவம்தான். அமெரிக்க வான்நோக்கர் ஸ்டீவ் குஃபெல்ட் வடிவமைத்தது. புள்ளிக்குப் பதில் மூன்று வளையங்கள்: அரை டிகிரி, 2 டிகிரி, 4 டிகிரி. ஒளி ஒரு லென்ஸ் வழியாக வந்து சாய்ந்து நிற்கும் தட்டைக் கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்கு வருகிறது. ரைஜலில் இரண்டு வளையங்கள், அரை டிகிரியும் 2 டிகிரியும்.

ஒரு கண்ணை மூடுவது எங்கிருந்து வந்த பழக்கம்?

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு அரசுப் பள்ளி மைதானத்தில் வான்நோக்கல் நடத்தினோம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ரெட் டாட் முன்னால் நின்று இடது கண்ணை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கண்ணை மட்டும் தனியாக மூட வரவில்லை. கையால் பொத்தினால் டெலஸ்கோப்பைத் திருப்ப ஒரு கைதான் மிஞ்சுகிறது, குழாய் ஆடுகிறது, புள்ளி ஓடுகிறது. "கையை எடும்மா, ரெண்டு கண்ணையும் திறந்து சனியை மட்டும் பாரு" என்றேன். ஒரு நொடி பேசாமல் நின்றாள். அப்புறம், "சார், புள்ளி வானத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கு!" என்று கத்தினாள். இரண்டு கையாலும் குழாயைப் பிடித்து நகர்த்தினாள். ஐபீஸில் நான் போய்ப் பார்த்தபோது சனி கிட்டத்தட்ட நடுவில் இருந்தது.

அவள் சொன்னதுதான் முழு விளக்கமும். வலது கண் கண்ணாடி வழியாகப் புள்ளியையும் கொஞ்சம் வானத்தையும் பார்க்கிறது. இடது கண் தடையே இல்லாமல் முழு வானத்தையும் பார்க்கிறது. மூளை இரண்டையும் ஒன்றாக அடுக்கிவிடுகிறது. ஃபைண்டரின் சட்டமே மறைந்துபோய், திறந்த வானத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் மிதக்கும்.

இதில் இன்னும் இரண்டு லாபம் உண்டு. ரெட் டாட்டின் கண்ணாடியில் சிவப்பைத் திருப்பி அனுப்பும் பூச்சு இருப்பதால் அதன் வழியே நட்சத்திரங்கள் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். மலிவான சிலவற்றில் கூலிங் கிளாஸ் போட்டதுபோல இருக்கும். இடது கண் திறந்திருந்தால் அந்த மங்கலை அது ஈடுகட்டும். இரண்டாவது, மங்கலான ஒளியைக் கண்டுபிடிப்பதில் இரண்டு கண் சேர்ந்தால் ஒரு கண்ணைவிடச் சுமார் 1.4 மடங்கு திறன். ஒரு கண்ணை மூடும்போது அதை இழக்கிறோம். போதாததற்கு, இறுக்கி மூடிய இமை அடுத்த கண்ணையும் சேர்த்துச் சுருக்கும். பத்து நிமிடத்தில் கன்னம் வலிக்கும்.

முகத்தை ஃபைண்டருக்கு ஒட்டவைப்பதும் வேண்டாத பழக்கம். ஒரு சாண் பின்னால் வாருங்கள். கேமரா வ்யூஃபைண்டர்போல் கண்ணை ஒரே இடத்தில் வைக்க வேண்டிய அவசியம் இதில் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றவும் வேண்டாம். உருப்பிறழ்ச்சி (அஸ்டிக்மாடிசம்) இருந்து கண்ணாடியைக் கழற்றினால் புள்ளி சிதறிய நட்சத்திரம்போலவோ வால் முளைத்தோ தெரியும். அப்படித் தெரிந்தால் ஃபைண்டரின் குற்றமா கண்ணின் குற்றமா என்று பார்க்க ஒரு வழி: தலையை ஒரு தோள் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். வாலும் சேர்ந்து சாய்ந்தால் அது உங்கள் கண். அசையாமல் நின்றால் ஃபைண்டர். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி. புள்ளி வெகுதூரத்தில் இருப்பதால் வாசிப்புக் கண்ணாடி தேவையே இல்லை, தூரப்பார்வைக்குப் போடுவதே போதும்.

இனி, இரண்டு கண் முறையில் யாரும் சொல்லாமல் விடும் ஒரு சிக்கல். நம்மில் பலருக்கு இரண்டு கண்களும் ஓய்வு நிலையில் மிகச் சிறிதளவு வெவ்வேறு திசையில் விலகியிருக்கும். பகலில் இரண்டு கண்ணும் ஒரே பொருளைப் பார்ப்பதால் மூளை அவற்றை இழுத்துப் பிடித்து ஒன்றாக்குகிறது. இரவில், ஃபைண்டர் கண்ணாடி பனியில் மூடிப்போய் வலது கண்ணுக்குப் புள்ளி மட்டும், இடது கண்ணுக்கு வானம் மட்டும் என்று ஆகிவிட்டால் இழுத்துப் பிடிக்கப் பொதுவான பொருள் எதுவும் இருக்காது. கண்கள் தம் போக்கில் விலகும், புள்ளி இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டும். ஐபீஸில் ஒன்றும் வராது. ஏற்காட்டில் ஒரு டிசம்பர் இரவு முழுக்க இதில் மாட்டிக்கொண்டு, ஃபைண்டர் நகர்ந்துவிட்டது என்று நினைத்துத் திருகாணியைத் திரும்பத் திரும்பத் திருகியிருக்கிறேன். கண்ணாடியைத் துடைத்ததும் எல்லாம் சரியானது.

அதனால் நான் செய்வது இது. இரண்டு கண்ணும் திறந்து நட்சத்திரத்தின் மேல் புள்ளியைக் கொண்டுபோவேன். வைத்த பிறகு, அரை நொடி இடது கண்ணை மூடிப் பார்ப்பேன். புள்ளி நட்சத்திரத்தின் மேலேயே இருந்தால் சரி. நகர்ந்து தெரிந்தால் அந்த ஒரு கண்ணில் தெரிவதை வைத்துத் திருத்திக்கொள்வேன். தேடும்போது இரண்டு கண், முடிக்கும்போது ஒரு சரிபார்ப்பு.

எந்தக் கண் உங்கள் ஆதிக்கக் கண் என்பதையும் முன்பே பார்த்துவையுங்கள். இரண்டு கைகளையும் நீட்டி விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை செய்து அதன் வழியே தூரத்து விளக்கைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விளக்கு ஓட்டைக்குள் இருக்கிறதோ, அந்தக் கண்தான் ஃபைண்டருக்குப் பின்னால் போக வேண்டும்.

புள்ளியா, வளையமா?

வானம் இருட்டாக இருக்கும் ஊரென்றால் வளையம் புள்ளியைவிட ஒரு படி மேல் என்பேன், தயக்கமே இல்லாமல். காரணம், வளையம் ஒரு அளவுகோலும்கூட.

சில உதாரணங்கள். கேட்டை நட்சத்திரத்துக்கு மேற்கே 1.3 டிகிரி தள்ளி எம் 4 என்ற உருண்டை வடிவ நட்சத்திரக் கொத்து இருக்கிறது. வெறும் புள்ளியை வைத்து 1.3 டிகிரியை எப்படி அளப்பது? டெல்ராடில், கேட்டையை 2 டிகிரி வளையத்துக்கும் 4 டிகிரி வளையத்துக்கும் இடையில் கிழக்குப் பக்கமாக வையுங்கள். நடுவில் எம் 4 வந்துவிடும். இன்னொன்று, அபிஜித்துக்குப் (வேகா) பக்கத்தில் யாழ் மண்டலத்தின் அடிப்பக்கத்தில் இருக்கும் இரண்டு நட்சத்திரங்கள், ஷெலியாக், சுலஃபாத். இரண்டுக்கும் இடைவெளி கிட்டத்தட்ட 2 டிகிரி. 2 டிகிரி வளையம் இரண்டையும் தொடுமாறு வைத்தால் எம் 57, அந்த மோதிர நெபுலா, 25 மி.மீ. ஐபீஸின் வட்டத்துக்குள் வந்து நிற்கும், நடுவிலிருந்து ஷெலியாக் பக்கம் சற்றே தள்ளி. முதல் முறை இதைச் செய்து ஐபீஸில் குனிந்தபோது புகைவளையம்போல் அது நின்றிருந்ததை மறக்க முடியாது. தேடவே இல்லை, போய் நின்றேன்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கென்றே ஒரு பரிசு ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. லண்டனில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. சென்னையில் 29 டிகிரி, கன்னியாகுமரியில் 34 டிகிரி உயரம்வரை ஏறுகிறது. சித்திரை நட்சத்திரம் உச்சியில் தெற்கு வடக்குக் கோட்டைத் தாண்டும் நேரத்தில் அதற்கு நேர் கீழே 36 டிகிரியில் இருக்கும். கையை நீட்டி மூடிய முஷ்டி சுமார் 10 டிகிரி என்பதால், சித்திரையிலிருந்து மூன்றரை முஷ்டிக்குக் கொஞ்சம் மேல். ஏப்ரல், மே மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் தெற்கு இருட்டாக இருக்கும் கடற்கரைக் கிராமத்திலோ மலையிலோ நின்றால் வெறுங்கண்ணுக்கே ஒரு பஞ்சு நட்சத்திரமாகத் தெரியும். டெல்ராடின் உள் வளையத்தில் வைத்து ஐபீஸில் பாருங்கள். அதைப் பார்த்து ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டெல்லேரியம் மென்பொருளில் டெல்ராட் வளையங்களை வான்படத்தின் மேலேயே போட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. வீட்டில் படத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு வெளியே வந்து அதே மாதிரி வைத்தால் போதும்.

டெல்ராடின் குறைகளையும் சொல்ல வேண்டும். அது ஒரு சாண் நீளம், கனமும் உண்டு. 5 அங்குல நியூட்டோனியன் குழாயில் வைத்தால் முன்பக்கம் பாரமாகித் தலை கவிழும். அந்த அளவுக் குழாய்க்கு ரைஜல்தான் பொருத்தம், எடை மிகக் குறைவு, உயரமாக நிற்பதால் கழுத்தும் தப்பிக்கும். டெல்ராடின் சாய்ந்த கண்ணாடி திறந்தே கிடப்பதால் மலையில் பனி முதலில் அதன் மேல்தான் படியும். ஒரு அட்டையை மடித்து மேலே கூரைபோல வைத்தால் ஒரு மணி நேரமாவது தாங்கும். டெல்ராட் இரண்டு பென்டார்ச் பேட்டரியில் ஓடும். ரெட் டாட்டும் ரைஜலும் கேட்பது சிஆர் 2032 பட்டன் செல், எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். எதுவானாலும் அணைக்க மறப்பதுதான் நம் பொது வியாதி, ஆகவே பையில் ஒரு மாற்று செல் எப்போதும் இருக்கட்டும்.

சாதா ரெட் டாட்டில் எனக்குள்ள பெரிய குறை, குறைந்தபட்ச வெளிச்சத்தில் வைத்தாலும் புள்ளி நட்சத்திரத்தை விழுங்கிவிடுவது. மூன்றாம் தர நட்சத்திரத்தின் மேல் வைத்தால் (தர எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல்) நட்சத்திரமே காணாமல்போகிறது. புள்ளியைப் பக்கத்தில் கொண்டுபோய், கொஞ்சம் தள்ளி, மறுபடி கொண்டுவந்து என்று ஆட்டித்தான் சரியா என்று பார்க்க வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் எல்.இ.டி.யோடு தொடராக ஒரு மின்தடையைச் சேர்த்துவிடுவார்கள், வெளிச்சம் நன்றாகக் குறையும். வளையத்தில் இந்தப் பிரச்சினையே வருவதில்லை, நடுவில் எதுவும் இல்லாததால் நட்சத்திரம் தெரிந்துகொண்டே இருக்கும்.

தலையை நகர்த்தினால் புள்ளி நகர்வது மலிவானவற்றின் இன்னொரு குறை. தாங்கியும் அப்படித்தான். டெலஸ்கோப்போடு வந்த ஒரு ரெட் டாட்டின் பிளாஸ்டிக் காலில் விரிசல் விழுந்து, ஒரே இரவில் நாலு முறை சரிசெய்திருக்கிறேன். பெயர் சொல்ல வேண்டியதில்லை. வாங்கும்போது காலை விரலால் ஆட்டிப் பாருங்கள், அது போதும்.

நகரத்து மாடியில் கதை மாறும்

இதுவரை சொன்னதை எல்லாம் ஒரு உண்மை கவிழ்த்துவிடும். பெரிதாக்காத ஃபைண்டர் உங்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் காட்டும். கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரத்தின் மேல் புள்ளி வைக்க முடியாது.

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களின் மாடியில் மூன்று, மூன்றரைத் தர நட்சத்திரத்துக்குமேல் தெரிவதே பெரிய விஷயம். ஆண்ட்ரோமெடா விண்மீன்திரளுக்குப் போக எல்லோரும் சொல்லும் வழி: மிராக் என்ற நட்சத்திரத்திலிருந்து மியூ, மியூவிலிருந்து நியூ, அதன் பக்கத்தில் திரள். மிராக் இரண்டாம் தரம், மாடியிலிருந்து தெரியும். மியூ 3.9, நியூ 4.5. இரண்டும் தெரியாது. ரெட் டாட்டை மிராக்கில் வைத்துவிட்டு, அதன்பிறகு காற்றில் குத்துமதிப்பாகத்தான் போக வேண்டும்.

இங்கேதான் ஆப்டிகல் ஃபைண்டர் வருகிறது. இருட்டில் விரிந்த கண்மணி 7 மி.மீ. என்று வைத்தால் 50 மி.மீ. லென்ஸ் அதைவிட 50 மடங்கு ஒளி சேர்க்கிறது, 30 மி.மீ. லென்ஸ் 18 மடங்கு. நட்சத்திரத் தரக் கணக்கில் சொன்னால் 50 மி.மீ. ஃபைண்டர் நான்கு தரத்துக்குமேல் கூடுதலாகக் காட்டும். மூன்றாம் தரத்தோடு நின்றுபோகிற மாடியில் ஏழாம் தர நட்சத்திரங்கள் தெரிய ஆரம்பிக்கும். 9×50 ஃபைண்டரில் தெரியும் வானம் சுமார் 5 டிகிரி. மிராக்கிலிருந்து மியூ 4 டிகிரி, மியூவிலிருந்து நியூ 3 டிகிரி. மிராக்கை ஒரு ஓரத்தில் வைத்தால் மியூ எதிர் ஓரத்தில் தெரியும், அங்கிருந்து நியூ, நியூவுக்கு ஒன்றேகால் டிகிரி மேற்கே ஒரு மங்கல் திட்டு. படிக்கட்டு இறங்குவதுபோல் போய்விடலாம்.

ஆப்டிகலிலும் இரண்டு ரகம். நேராகப் பார்க்கும் ரகம் படத்தைத் தலைகீழாகக் காட்டும். ஐபீஸ் 90 டிகிரி மடங்கி, உள்ளே பிரிசம் வைத்து, படத்தை நேராகவே காட்டும் ரகம் மற்றொன்று. வான்படத்தோடு ஒப்பிட்டுப் போவதற்கு இரண்டாவதுதான் வசதி. கழுத்துக்கும் அதுதான். நம் ஊரில் இது முக்கியமான விஷயம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் சென்னையின் உச்சிக்கு 11 டிகிரி பக்கத்தில் கடக்கிறது, ஓரியன் நெபுலா 18 டிகிரி பக்கத்தில். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இவ்வளவு உயரத்துக்கு ஏறாத இவை நமக்குக் கிட்டத்தட்டத் தலைக்கு மேலே. அந்தக் கோணத்தில் ரெட் டாட் பின்னாலோ நேர் ஃபைண்டர் பின்னாலோ பார்க்கத் தரையில் மண்டியிட்டுக் கழுத்தை முறுக்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களை அந்த நிலையில் பார்க்க எனக்கே வலிக்கிறது. மடங்கிய ஃபைண்டர் என்றால் நாற்காலியில் உட்கார்ந்தபடி குனிந்தால் போதும்.

ஆனால் மடங்கிய ஃபைண்டரில் நீங்கள் வானத்தைப் பார்ப்பதே இல்லை, குழாயின் பக்கவாட்டைப் பார்க்கிறீர்கள். எந்தத் திசையில் டெலஸ்கோப் நிற்கிறது என்றே தெரியாமல் போகும். இரண்டு கண்ணும் திறந்து பார்க்கும் முறை இதில் வேலைக்கு ஆகாது.

நேர் ஃபைண்டரில் ஆகும். பழைய வான்நோக்கர்கள் செய்வது இதுதான்: வலது கண் 6×30-க்குள், இடது கண் வெறும் வானத்தில். குறுக்குக் கம்பிகளின் சந்திப்பு வானத்தின் மேல் மிதப்பதாகத் தெரியும், அதை இடது கண்ணில் தெரியும் நட்சத்திரத்தின் மேல் கொண்டுபோனால் ஃபைண்டருக்குள் அதே நட்சத்திரம் பாய்ந்து வரும். ஒரு கண்ணுக்கு ஆறு மடங்கு, இன்னொரு கண்ணுக்கு ஒரு மடங்கு என்பதால் குழாய் நகரும்போது மூளை தடுமாறும், நின்றதும் ஒட்டிக்கொள்ளும். ரெட் டாட்போல முதல் நிமிடத்திலேயே வந்துவிடாது. நாலைந்து இரவுகள் பழக வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது?

என் தீர்ப்பை ஊரை வைத்துத்தான் சொல்ல முடியும். நகரத்து மாடியில் நிலா, வியாழன், சனி, செவ்வாய், ஓரியன் நெபுலா, கார்த்திகை என்று பளிச்சென்று தெரிபவற்றை மட்டும் பார்ப்பேன், பிள்ளைகளுக்குக் காட்டுவேன் என்றால் பெட்டியோடு வந்த ரெட் டாட் போதும். காசைச் சேமித்துவைத்து நல்ல ஐபீஸ் வாங்குங்கள். அதே மாடியில் மங்கலான கொத்துகளையும் திரள்களையும் தேட ஆசை வந்துவிட்டதா, மடங்கிய 8×50 அல்லது 9×50 வாங்குங்கள். ஆனால் ரெட் டாட்டைக் கழற்றிவிடாதீர்கள். 8 அங்குலக் குழாயில் இரண்டுக்கும் இடம் இருக்கும். ரெட் டாட்டால் பக்கத்து நட்சத்திரம்வரை பாய்ந்து போவது, அங்கிருந்து 50 மி.மீ. ஃபைண்டரில் படிப்படியாக நடப்பது. என் சொந்த டாப்சோனியனில் பல வருடமாக இந்த ஜோடிதான்.

கிராமத்தில் இருப்பவர்கள், மாதம் ஒருமுறையாவது காவலூர்ப் பக்கமோ கொல்லிமலையோ போகிறவர்கள், அமாவாசை இரவில் ஐந்தாம் தர நட்சத்திரம்வரை கண்ணுக்குத் தெரியும் இடம் உள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு டெல்ராடுக்கோ ரைஜலுக்கோ போகலாம். அதன்பின் ஆப்டிகல் ஃபைண்டரின் நினைவே வராமல் போகலாம். பள்ளிகளுக்கு நான் எப்போதும் சொல்வது ரைஜல் அல்லது ஒரு நல்ல உலோகக் கால் உள்ள ரெட் டாட். வரிசையில் நாற்பது பிள்ளைகள் நிற்கும்போது, தலைகீழாகத் தெரியும் படத்தை ஒவ்வொருவருக்கும் விளக்க நேரம் இருக்காது.

எதை வாங்கினாலும் பகலிலேயே பொருத்திச் சரிபாருங்கள். ஃபைண்டர் குழாயின் மையத்திலிருந்து சுமார் 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை வைத்துச் சரிசெய்தால், 50 மீட்டரில் அந்த 15 செ.மீ. 0.17 டிகிரிப் பிழையாகும், டெல்ராடின் உள் வளையத்தில் மூன்றில் ஒரு பங்கு அது. அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்போன் கோபுரத்தின் உச்சி விளக்கோ கோயில் கோபுரக் கலசமோ பிடித்தால் பிழை கண்டுகொள்ளாத அளவுக்குக் குறைந்துவிடும். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பவே வேண்டாம். சூரிய வடிகட்டி போட்டுப் பார்க்கும் நாட்களில் ஆப்டிகல் ஃபைண்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். அதன் 50 மி.மீ. லென்ஸும் சூரியனைக் குவிக்கும். எட்டிப் பார்க்கும் பிள்ளையின் கண் என்ன ஆகும்?

கடையில் பார்த்து வாங்க வாய்ப்பு இருந்தால் வாசலுக்கு எடுத்துவந்து, வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்து, தெருமுனை விளக்கின் மேல் புள்ளியை வையுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். தலையை லேசாக இடம் வலமாக ஆட்டுங்கள். புள்ளி விளக்கிலேயே நின்றால் பில் போடச் சொல்லுங்கள்.